வளர்கிற விரலுக்கு ஒரு ரீல்

அந்த டப்பாவைக் கொஞ்சம் கொடுங்கள், பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். பயப்படாதீர்கள், பிரிக்க மாட்டேன். பக்கத்தில் எழுத்து இருந்தால் படிக்காமல் என்னால் உட்கார முடியாது. இருபத்தோரு வருடமாகக் கல்லூரி நூலகர். அந்தப் பழக்கம்.

தூண்டில் ரீல். அதுதான் பார்த்தேன். யாருக்கு, மகனுக்கா? என்ன வயது? ஐந்தரை. முதல் ரீலா? முதல் ரீல். சரி. பொத்தான் வைத்தது, மஞ்சள் நிறம், மேலே ஒரு வாத்து சிரிக்கிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், நீங்கள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள், இல்லையா? எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நிமிடம்? ஐந்தா!

நான் குறை சொல்லவில்லை. தகவல் சொல்கிறேன். இதன் உள்ளே இருக்கும் பற்சக்கரம் பிளாஸ்டிக். நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, இந்த மூடிக்குள் சுற்றியிருக்கிறது, சிக்கினால் வெளியே தெரியாது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்த வேண்டும், கம்பை வீச வேண்டும், விரலை எடுக்க வேண்டும். நரம்பு நுனியில் கட்டிய ஈயக்குண்டு போய் விழுந்துவிடும். குரங்குகூடச் செய்யும். உங்கள் மகனைச் சொல்லவில்லை. உங்கள் மகனை நான் பார்த்ததில்லை.

எங்கே இறங்குகிறீர்கள்? அருப்புக்கோட்டையா? அப்படியானால் நேரம் இருக்கிறது. நான் இதே பேருந்தில் மதுரைவரை போகிறேன், ஒரு மேல்முறையீட்டு விஷயமாக. அந்த வழக்கே ஒரு ரீலைப் பற்றியதுதான் என்றால் நம்புவீர்களா? என் வக்கீல் நம்பவில்லை. அவர் அது குழந்தையைப் பற்றியது என்கிறார்.

எனக்கு ஒரு மகள். ஏழு வயது. பெயர் ஒண்டொடி. ஏன் சிரிக்கிறீர்கள்? ஒளி பொருந்திய வளையல் அணிந்தவள் என்று பொருள். இரண்டாயிரம் வருடமாக மொழியில் இருக்கிற சொல். பள்ளியில் ஒட்டடை என்று கூப்பிடுகிறார்களாம். அது அந்தப் பள்ளியின் தரத்தைக் காட்டுகிறது. அவள் அம்மா ஆவுடைச்செல்வி, பாப்பு என்று கூப்பிடுகிறாள். பாப்பு என்பதற்கு எந்த அகராதியிலும் பொருள் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆவுடைச்செல்வி என்னோடு இல்லை. மூன்று வருடமாகத் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் திருத்துகிறார், இதுதான் விவாகரத்து மனுவில் அவள் எழுதிய காரணம். அந்த மனுவில் பதினேழு பிழைகள் இருந்தன. சிவப்பு மையில் குறித்து அவள் வக்கீலிடம் கொடுத்தேன், உதவியாக இருக்கட்டும் என்றுதான். அவர் நன்றி சொல்லி வாங்கி, அதையே ஓர் ஆவணமாக வழக்கில் சேர்த்துவிட்டார்.

சரி, ரீலுக்கு வருகிறேன்.

நீதிமன்றம் எனக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கொடுத்தது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை. ஆறு மாதம், மொத்தம் பன்னிரண்டு சனிக்கிழமைகள். அது முடிந்ததும் நீதிபதி குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். அதன்பிறகு விடுமுறைக்கு என் வீட்டுக்கு அனுப்பலாமா, அல்லது இதையும் நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்வார். பன்னிரண்டு பெருக்கல் நான்கு, நாற்பத்தெட்டு மணி நேரம். ஒரு தகப்பனுக்கு அது போதும், முறையாகப் பயன்படுத்தினால்.

முதல் சனிக்கிழமை ஆவுடைச்செல்வி குழந்தையை நீதிமன்ற வாசலில் கொண்டுவந்து விட்டாள். "ரெண்டு மணி, சார்" என்றாள். பன்னிரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் இப்போது என்னைச் சார் என்கிறாள். நான் அதைத் திருத்தவில்லை. மரியாதைச் சொல்தானே.

குழந்தையிடம் கேட்டேன், என்ன செய்யலாம் என்று. அவள் யோசிக்கவே இல்லை.

"மீன் புடிக்கணும்ப்பா."

"ஏன்?"

"மீன் இழுக்குமாம்லா. கைக்குள்ள டொக்கு டொக்குனு இழுக்கும்னு மாமா சொன்னாவ."

"சொன்னார்கள்."

"சொன்னார்கள்."

"மீன் ஏன் இழுக்கிறது என்று சொன்னார்களா?"

"இல்லப்பா."

பார்த்தீர்களா? மாமா என்பது ஆவுடைச்செல்வியின் தம்பி இசக்கிராஜா. ஐஸ் ஆலையில் மெக்கானிக். அரைகுறையாக ஆசையைக் கிளப்பிவிடத்தான் தெரியும். காது குத்தும்போது அவன் மடியில்தான் உட்கார்ந்தாள், மொட்டை போட்டபோதும் அவன் மடி. தாய்மாமன் முறை, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ரீலுக்குத் தாய்மாமன் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. இதையாவது நான் செய்கிறேன், ஒழுங்காகச் செய்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு தூண்டில் கடை. அண்ணாச்சி குழந்தையைப் பார்த்ததும், உங்கள் கடைக்காரர் மாதிரியேதான், ஒரு பொத்தான் ரீலை எடுத்தார்.

"பாப்பாவுக்குத்தானே சார்? இந்தா இருக்கு. இல்லன்னா ஒரு மூங்கில் கம்பு, நாலு முழம் நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள்ளு. அம்புட்டுத்தான். இந்நேரம் போனா மத்தியானத்துக்குள்ள ரெண்டு கிழங்கான் மீனு புடிச்சிரும்."

குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இடம் கொடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. "அண்ணாச்சி, உள்ளே திறந்த ரீல் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுங்கள்" என்றேன்.

திறந்த ரீல் என்றால், நரம்பு சுற்றிய உருளை வெளியே தெரியும். அதற்குமேல் ஒரு வளைந்த கம்பி. கம்பியைத் திறந்து, ஆள்காட்டி விரலால் நரம்பைப் பிடித்துக்கொண்டு வீச வேண்டும். சரியான கணத்தில் விரலை விட வேண்டும். அதுதான் கலை. அண்ணாச்சி பதினோரு ரீல்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகச் சுழற்றி, சத்தம் கேட்டு, எடை பார்த்து, நோட்டில் எழுதினேன். குழந்தை இறால் வைத்திருக்கும் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு "பசிக்குதுப்பா" என்றாள். "இன்னும் இரண்டு ரீல்தான்" என்றேன். அண்ணாச்சி ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார். நடுவில் வந்து கெடுக்கிற ஆள். இரண்டு மணிக்கு ஒப்படைத்துவிட்டேன். அவள் பாவாடையின் பின்பக்கம் முழுக்க இறால் தண்ணீர். ஆவுடைச்செல்வி அதைப் பார்த்தாள், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு எப்போதுமே ஆர்வம் குறைவு.

இரண்டாவது சனிக்கிழமை கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து அளவுகோல் ஒன்று வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். குழந்தையின் ஆள்காட்டி விரலை அளந்தேன். நாற்பத்தொன்பது மில்லிமீட்டர். எனக்குப் பிடித்த ரீலில் நரம்பை எட்ட ஐம்பத்தாறு வேண்டும். ஏழு மில்லிமீட்டர் பற்றாக்குறை.

"சின்ன ரீல் இருக்கே சார்" என்றார் அண்ணாச்சி.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், உங்களுக்கும் பயன்படும். வளர்கிற பிள்ளைக்கு நாம் எப்படித் துணி எடுக்கிறோம்? பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறோம். கீழே மடித்துத் தைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் அவிழ்த்து விடுகிறோம். என் அப்பா எடுத்த கால்சட்டையை நான் மூன்று வகுப்புக்குப் போட்டேன். ரீல் வளராது, விரல் வளரும். அதனால் பத்து வயதில் அவளுக்கு இருக்கப்போகிற விரலுக்குத்தான் ரீல் வாங்க வேண்டும். இதைச் சொன்னேன்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "கால்சட்டையை மடிச்சு விடலாம். இதை எங்க சார் மடிக்க? செருப்பை ரெண்டு சைஸ் பெரிசா எடுத்தா பிள்ளை தடுக்கி விழும்லா?"

"விழுந்து பழகட்டும்" என்றேன்.

நான்காவது சனிக்கிழமை வாங்கினோம். கறுப்பு உலோக ரீல், உள்ளே ஆறு குண்டுத் தாங்கிகள், பால் பேரிங் என்பார்களே, அது. கையில் கொடுத்ததும் குழந்தை இரண்டு கையாலும் வாங்கினாள், கனம். "நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு "இப்ப போலாமா?" என்றாள்.

எங்கே போவது? வீசத் தெரியாமல்? ஐந்திலிருந்து எட்டுவரை நான்கு சனிக்கிழமைகள் என் வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி. முள் கிடையாது, ஈயக்குண்டு மட்டும். பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளி. குண்டு வாளிக்குள் விழ வேண்டும். ஒவ்வொரு முறை வீசுவதற்கு முன்பும் ரீலின் பாகங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். அவற்றுக்குத் தமிழில் பெயர் இல்லையே என்று நானே வைத்தேன். நரம்புருளை, வளைகம்பி, இழுவைத் திருகு, பின்சுழல் தடை என்று மொத்தம் ஒன்பது. ஒன்று தவறினால் முதலிலிருந்து. பெயர் தெரியாத பொருளைக் கையில் வைத்திருப்பது திருடன் வைத்திருப்பதற்குச் சமம்.

விரல் எட்டவில்லை. உண்மைதான், மறைக்க மாட்டேன். நரம்பு விரலில் நிற்காமல் முன்பே நழுவிவிடும். குண்டு அவள் காலடியில் விழும். ஒருமுறை காலிலேயே விழுந்தது. பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அழவில்லை, அதைக் குறிப்பிட வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நரம்புருளை, வளைகம்பி என்று ஆரம்பித்தாள். நான் அன்று அவளைப் பாராட்டினேன். "போன தடவைக்கு இது பரவாயில்லை" என்றேன். நகம் விழுந்தது. நகம் வளரும்.

நான்கு சனிக்கிழமையில் இருநூற்றுப் பதினான்கு வீச்சு. வாளிக்குள் விழுந்தவை, பூஜ்யம். கூட்டி நோட்டில் எழுதி அவளிடம் காட்டினேன். குழந்தைகளிடம் உண்மையை மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அவள் அந்தப் பூஜ்யத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதே விரலால்தான்.

ஒன்பதாவது சனிக்கிழமை ஒரு துணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள். மாடிக்கு வந்ததும், "அப்பா, கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன். திறந்தால் ஒரு ரீல். இளஞ்சிவப்பு நிறம், பொத்தான். உங்கள் டப்பாவில் இருப்பதன் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா வாங்கித் தந்தாவ. தந்தார்கள். நான் இன்னும் தண்ணியில போடலப்பா. மொத மொதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு கொண்டாந்தேன். பாருங்களேன்."

வீசினாள். வாளியின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. சுற்றினாள். இரண்டாவது முறை வீசினாள். டங் என்று வாளிக்குள் விழுந்தது. அவள் அந்த இடத்திலேயே குதித்தாள். "உள்ள விழுந்துருச்சு! அப்பா, உள்ள விழுந்துருச்சு! நோட்டுல எழுதுங்க!"

இங்கேதான் ஒரு தகப்பனின் பொறுப்பு வருகிறது. கைதட்டிவிட்டுப் போவது எளிது. இசக்கிராஜா தட்டியிருப்பான். நான் அவளை உட்கார வைத்தேன். செய்தித்தாளை விரித்தேன். திருப்புளியை எடுத்து அந்த ரீலைக் கழற்றினேன். கோபத்தோடு செய்யவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, இது பிளாஸ்டிக், இது தகரம், இந்தச் சுருள்வில் ஆறு மாதம் தாங்காது என்று விளக்கி விளக்கி வரிசையாக வைத்தேன். முப்பத்தொரு பாகம். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உள்ளே விழுந்ததே, அது யார் வீசியது?" என்று கேட்டேன்.

"நான்."

"நன்றாக யோசி."

யோசித்தாள். "பொத்தான்" என்றாள்.

சரியான பதில். நோட்டில் எழுதவில்லை. பாகங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைக் கட்டி, கையில் கொடுத்தேன். முப்பத்தொன்றும் கொடுத்தேன். ஒரு திருகுகூட வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் நீதிமன்றத்தில் ஏதோ நான் உடைத்துவிட்டது போலப் பேசினார்கள். உடைப்பது வேறு, கழற்றுவது வேறு.

மூன்று நாள் கழித்து இசக்கிராஜா தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அத்தான், நல்லாருக்கியளா?"

"விஷயத்தைச் சொல்."

"ஒண்ணுமில்ல அத்தான். ரெண்டு நாளா பிள்ளை அந்தக் கவரைக் கையை விட்டு வைக்கல. சாப்பிடும்போதும் மடியில வச்சிருக்கு. நான் ஆலையில கம்ப்ரெசரையே கழட்டி மாட்டுறவன். நேத்து உக்காந்து மாட்டிட்டேன். ஆனா ஒரு மணி நேரம் ஆயிருச்சு அத்தான். ஏன்னு கேளுங்க. ஒவ்வொண்ணையும் பேரு சொல்லிச் சொல்லித்தான் எடுத்துத் தாரா. நரம்பு என்னமோ, வளை என்னமோன்னு. நான் 'குடுட்டி'ன்னா, 'பேரு சொல்லாமத் தொடக் கூடாது மாமா'ங்கிறா."

"பெயர்கள் எல்லாம் சரியாக வந்தனவா?" என்று கேட்டேன்.

அவன் "வந்துச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எனக்கு அன்றைக்கு இருந்த நிறைவைச் சொல்லி முடியாது. மூடிய ரீல், திறந்த ரீல், இரண்டுக்கும் பாகங்கள் வேறு வேறு. அவளாகவே பொருத்திச் சொல்லியிருக்கிறாள்! ஏழு வயதில்!

பத்தாவது சனிக்கிழமை அவள் கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம் பார்த்தேன். கூரான ஏதோ குத்தியது மாதிரி. என்ன என்று கேட்டேன். கையைப் பாவாடைக்குள் ஒளித்தாள். மீனின் துடுப்பு முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மீனா?"

"மாமா புடிச்சதுப்பா."

"ஒண்டொடி."

அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "நான்தான்ப்பா. தெரியாமப் புடிச்சிட்டேன்."

"எதில்?"

"பிங்க்கு ரீல்ல. ஞாயித்துக்கிழமை. ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. சின்னது. கிழங்கான். தானா வந்து மாட்டிக்கிச்சு. நான் வேணும்னு புடிக்கல."

நான் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. குழந்தைகளை நான் அடித்ததே கிடையாது, யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அமைதியாக எடுத்துச் சொன்னேன். முதல் மீன் என்பது வாழ்க்கையில் ஒரு முறைதான். அது பொத்தானில் வந்தது, ஆகவே அது கணக்கில் சேராது. உன் முதல் மீன் இன்னும் கடலில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரியா? தலையாட்டினாள். "டொக்கு டொக்குனு இழுத்துச்சா?" என்று அவளுக்காகவே, அவள் மொழியிலேயே கேட்டேன். நான் ஒன்றும் கல் இல்லை. "இல்லப்பா, இழுக்கல" என்றாள். பொய். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு பண்பு இருந்ததால் விட்டுவிட்டேன்.

பதினோராவது சனிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் என்று ஆவுடைச்செல்வி செய்தி அனுப்பினாள். மருத்துவர் சான்றிதழ் கேட்டேன். அனுப்பினாள். தேதி சரியாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாவது, கடைசி. இப்போது நீங்கள் என்னைப் பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை. வாளிக்குள் ஒன்றுகூட விழாவிட்டாலும் கடலுக்கே கூட்டிப் போனேன். பழைய பாலம், காற்று குறைவு, தண்ணீர் தெளிவாக இருந்தது. கறுப்பு ரீல், புது நரம்பு, முள், இறால் எல்லாம் முறைப்படி. அவள் ஒன்பது பெயரையும் ஒரே மூச்சில் சொன்னாள். வளைகம்பியைத் திறந்தாள். விரலை நீட்டி, இன்னும் நீட்டி, கையைக் கோணலாக்கி எப்படியோ நரம்பைத் தொட்டாள். வீசினாள்.

நரம்பு உருளையிலிருந்து கொத்தாகக் கழன்று கம்பின் நுனியில் பந்து மாதிரி சிக்கிக்கொண்டது. குருவிக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஒருவர் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "வெட்டி எறிஞ்சிட்டு வேற கட்டிக் குடுங்க சார். மீன் நிக்கிது பாருங்க" என்றார். சிக்கலை வெட்டுவது என் வீட்டில் கிடையாது. அவிழ்ப்பதுதான். இல்லாவிட்டால் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? கஷ்டம் வந்தால் கத்தரி எடு என்றா? உட்கார்ந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். ஒரு குண்டூசியை வைத்து ஒவ்வொரு சுருக்காக எடுத்தேன். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். எவ்வளவு அழகான வேலை தெரியுமா? ஒரு இடத்தில்கூட நரம்பு கீறவில்லை.

நடுவில் சத்தமே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். குழந்தை பாலத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். கையில் இருந்த இறாலைப் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கூட்டமாக மீன்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. அவள் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள் அவற்றிடம். "இது உனக்கு. நீ ஏற்கெனவே தின்னுட்ட, போ." இப்படி.

"இரையை வீணாக்குகிறாய்" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். மிச்ச இறாலைக் கவரில் போட்டு மூடினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அசையவே இல்லை. கைத்தூண்டில்காரர் அதற்குள் ஏழு மீன் பிடித்துவிட்டார். போகும்போது ஒன்றை அவளிடம் நீட்டினார், "கொண்டு போ தாயி." அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு வேண்டாம் தாத்தா, நான் புடிக்கல" என்றாள். அப்படியே சிலிர்த்துவிட்டது எனக்கு.

கடைசிச் சுருக்கு அவிழ்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. கிளம்பிவிட்டோம். இரண்டு மணிக்கு ஒப்படைத்தேன். அவள் வந்த பதினோரு சனிக்கிழமையிலும் ஒரு நிமிடம்கூட நான் தாமதித்ததில்லை. அதைத் தீர்ப்பில் எங்கேயும் எழுதவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நீதிபதி குழந்தையை அறைக்குள் கூப்பிட்டார். ஓர் அம்மாள், சாந்தமானவர். அரை மணி நேரம். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். நான் ஒரு முனை, ஆவுடைச்செல்வி மறு முனை, நடுவில் இசக்கிராஜா. அவன் என்னிடம், "அத்தான், டீ குடிக்கியளா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஆவுடைச்செல்வி திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு தடவை நல்லாருக்குன்னு சொல்லிருக்கலாம்லா, சார்" என்றாள். எது நல்லாருக்கு என்று கேட்டேன். எழுவாய் இல்லாமல் பேசினால் எப்படிப் பதில் சொல்வது? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தை நீதிபதியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கால் தரையைத் தொடவில்லை. நீதிபதி அவள் சொன்னதை ஒரு தாளில் அப்படியே எழுதி வைத்திருந்தார். அப்பாவோடு போக உனக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்ன பதிலை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

"எனக்கு இன்னும் சரியா வரல ஆன்ட்டி. நல்லா வந்ததுக்கப்புறம் அப்பாகிட்ட போறேன்."

அவ்வளவுதான். ஆவுடைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கிராஜா எழுந்து வெளியே போய்விட்டான். ஆலையில் அவ்வளவு பெரிய இயந்திரங்களோடு வேலை பார்க்கிறவன், ஒரு வாக்கியத்தைத் தாங்க முடியவில்லை. எனக்கு மட்டும்தான் அதன் அருமை புரிந்தது. நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் ஐம்பது வயது ஆட்களில் எத்தனை பேர் தங்களுக்கு இன்னும் சரியாக வரவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள்? நான் எழுந்து நின்று, "அம்மா, இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்?" என்றேன். நீதிபதி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டும் பார்த்தார்.

தீர்ப்பு இரண்டு பக்கம். சந்திப்புகள் இப்போதைக்கு நிறுத்தப்படுகின்றன, குழந்தை தானாகக் கேட்டால் ஒழிய. காரணமாக அவள் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். என் மேல்முறையீட்டிலும் அதே வாக்கியத்தைத்தான் நான் எடுத்துக் காட்டியிருக்கிறேன், என் வளர்ப்புக்குச் சான்றாக. தட்டச்சு செய்யும்போது வக்கீல் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் போலிருக்கிறது.

என்ன கேட்கிறீர்கள்? குழந்தை கேட்கவில்லையா என்றா? நான்கு மாதம் ஆகிறது. கேட்கவில்லை. கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும். நன்றாக வந்தபிறகுதான் கேட்பாள். சொன்ன சொல் தவற மாட்டாள், என் பெண்.

எப்படி வரும் என்கிறீர்களா? பயிற்சிதான், வேறென்ன? ஆனால் அதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அந்தக் கறுப்பு ரீல் என் வீட்டில், என் அலமாரியில் பூட்டி இருக்கிறது. இசக்கிராஜா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான், "பிள்ளை மாடியில போட்டுப் பழகணும்ங்கிறா அத்தான், குடுங்களேன்" என்று. நான் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லாமல் எப்படிக் கொடுப்பது? தப்பாகப் பழகிவிடுவாளே.